பரணில் கிடைத்த ஸ்பெக்ட்ரம் கணினி: கேசட்டுகளைக் காப்பாற்ற உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். லண்டனில் பெற்றோரின் வீட்டைக் காலி செய்தபோது, நான் எட்டு வயதில் பேசிக் நிரல்மொழி கற்றுக்கொண்ட 48கே இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினி, நிரல்களை ஒலியாகப் பதிந்துவைத்த நாற்பது கேசட்டுகளுடன் பரணில் கிடைத்தது. 1982இல் சின்க்ளேர் நிறுவனம் வெளியிட்ட, ரப்பர் விசைகள் கொண்ட அதே மாதிரி. விளையாட்டில் வலப்பக்கம் நகர அண்ணனும் நானும் மாறிமாறி அழுத்திய ‘பி’ விசையில் மட்டும் எழுத்து தேய்ந்திருக்கிறது.

இன்னும் மின்இணைப்பு கொடுக்கவில்லை. இதன் 9 வோல்ட் செருகியில் நடுமுனை எதிர்மின் முனை என்பதால், இன்றைய அடாப்டர் எதையாவது செருகிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. பழைய மின்தேக்கிகளை முதலில் மாற்றிவிடுவதுதான் நல்லதா?

கேசட்டுகளைப் பற்றித்தான் பெருங்கவலை. கடையில் வாங்கிய ‘மேனிக் மைனர்’ போன்ற விளையாட்டுகளை ஆர்வலர்கள் ஏற்கெனவே கோப்புகளாகப் பாதுகாத்துவிட்டார்கள். ஆனால் அண்ணன் 1985இல் தானே எழுதிய, அம்மாவின் கையெழுத்தில் ‘பாம்பும் ஏணியும்’ என்று பெயரிட்ட விளையாட்டுக்கு வேறு பிரதியே கிடையாது. அந்த நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருக்கிறது. நாடாவுக்குச் சேதமின்றி அதை நீக்கி, பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டின் கோணத்தைச் சரிசெய்து, ஒலியை இன்றைய கணினியில் பதிந்து, ஸ்பெக்ட்ரம் கேசட்டுகளைப் பாதுகாக்கப் பயன்படும் டிஇசட்எக்ஸ் வகைக் கோப்பாக மாற்றிய அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன். லண்டனுக்குள் எங்கு வேண்டுமானாலும் நேரில் கொண்டுவருகிறேன். தபாலில் அனுப்ப மட்டும் மனம் ஒப்பவில்லை.