புளி பாக்கெட் லேபிள்: மாற்றி மாற்றிப் போடுகிறேன், எங்கே நிறுத்துவது?

பென்னாகரம்_டிசைன்:

வணக்கம். பென்னாகரம் பக்கத்தில் வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கடை போர்டு, காதணி விழா பேனர் இவைதான் வழக்கமாக வரும். இப்போது எங்கள் ஊர் மகளிர் குழு, கொட்டை எடுத்த புளியை அரை கிலோ பாக்கெட்டாகப் போட்டு விற்கப்போகிறார்கள். லேபிள் வேலை என்னிடம் வந்திருக்கிறது. பேனர் என்றால் விழா முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். இது அப்படி இல்லை. வெயிலில் உட்கார்ந்து ஓடு உடைத்து, நார் எடுத்து, கொட்டை தட்டியவர்களின் உழைப்பு இந்த லேபிளோடு கடைக்குப் போகிறது. நன்றாக வந்தே ஆகவேண்டும்.

குழுவின் வாட்ஸ்அப்பில் படத்தைப் போட்டால் ஒருவர் ஒகேனக்கல் அருவி வைக்கச் சொல்கிறார். இன்னொருவர் புளியமரம் வேண்டும் என்கிறார். தலைவி அக்கா எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னால், அவர் மகன் சின்ன எழுத்துதான் கம்பெனி சரக்கு மாதிரி இருக்கும் என்கிறார். எல்லாவற்றையும் செய்து அனுப்பினால், "முதல்ல போட்டதே நல்லா இருந்துச்சேம்மா" என்று ஒரு குரல் வருகிறது.

மாற்றுவதில் எனக்குச் சலிப்பே இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் லேபிள் தேறுகிறதா, சும்மா வேறாகிறதா என்பது புரியவில்லை. இதை நீங்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? எந்த இடத்தில் போதும் என்பீர்கள்?

இப்போதைய நிலை: காபிக்கொட்டை நிறப் பின்னணி, தங்க நிறத்தில் பெயர், நடுவில் புளி தெரிய கண்ணாடி மாதிரி ஒரு ஜன்னல், கீழே அருவி.

கிருஷ்ணகிரி_தூரிகை:

தங்கச்சி, நான் கம்ப்யூட்டருக்கு வருவதற்கு முன் பல வருஷம் சுவர் விளம்பரம் எழுதியவன். இப்போது மாங்கூழ் டின்களுக்கு லேபிள் செய்கிறேன். உங்கள் கேள்விக்கான பதிலை நான் கற்றுக்கொண்டது சுவரில்தான், அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

வெள்ளை அடித்த சுவரில் நீலப்பொடி தோய்த்த நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டிவிடுவோம். நேர்கோடு விழும். கோட்டுக்குள் கரித்துண்டால் எழுத்தைப் போட்டதும் பெயிண்ட் டப்பாவைத் திறக்கமாட்டோம். ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நிற்போம். பஸ்ஸில் போகிறவர் கண்ணில் அந்தச் சுவர் படுவது இரண்டு மூன்று நொடி. அதற்குள் சிமெண்டின் பெயரைப் படிக்க முடியுமா? அதை மட்டும் பார்ப்போம். முடியாது என்று பட்டால் திரும்பி வந்து கரியைத் துணியால் தட்டிவிட்டு, எழுத்துக்கு நடுவே இடைவெளியைக் கூட்டி, மறுபடி ரோட்டைக் கடப்போம். அது சரியானபிறகுதான் நிழல் எந்தப் பக்கம், பார்டர் என்ன கலர் என்ற பேச்சு.

ஒரு தடவைக்கு ஒரு கேள்வி. உங்கள் வாட்ஸ்அப் சுற்றுகளில் அது இல்லை. "எப்படி இருக்கு?" என்று கேட்டால் பதிலுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. கேள்வியை மாற்றிப் பாருங்கள். லேபிளைக் கையில் கொடுத்து, "இது எவ்வளவு எடை, பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு அவர் கண் எங்கே போகிறது என்று கவனியுங்கள். பாக்கெட்டைத் திருப்பித் திருப்பித் தேடினால் எடை இடம் மாறவேண்டும். இதில் யாருடைய ரசனைக்கும் வேலை இல்லை.

அடுத்தது, போனில் காட்டாதீர்கள். நிஜ அளவில் பிரிண்ட் எடுத்து, நிஜப் பையில் அரை கிலோ புளியை அடைத்து, அதன்மேல் ஒட்டிப் பாருங்கள். புளி அடைத்த பை வயிறு தள்ளி நிற்கும். திரையில் ஓரத்தில் அழகாக நின்ற எழுத்து பக்கவாட்டில் வளைந்து மறைந்துபோகும். எங்கள் 3.1 கிலோ டின்னிலும் இதே தொல்லைதான். சுற்றி ஒட்டும் தாள் நீளமாக இருந்தாலும், அலமாரியில் நிற்கும்போது எதிரில் நிற்பவருக்குத் தெரிவது அதில் ஒரு துண்டு. அந்தத் துண்டுக்குள் என்ன பழம், யார் சரக்கு என்பது வந்துவிடவேண்டும்.

புளிக்கே உரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இப்போது பங்குனியில் உங்கள் ஜன்னல் வழியாகத் தெரிவது செம்பழுப்புப் புதுப்புளி. அதே பாக்கெட் ஐப்பசியில் கடையில் இருந்தால் உள்ளே இருப்பது கருத்த புளி. காபிக்கொட்டை நிறப் பின்னணிக்குள் கருத்த புளி தெரிந்தால் மொத்தமும் ஒரே இருட்டாகிவிடும், ஜன்னல் இருப்பதே தெரியாது. வீட்டுப் பானையில் போன வருஷத்துப் புளி இருக்குமே, அதையும் ஒரு பையில் அடைத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் பின்னணி நிறத்தை முடிவு செய்யவேண்டும். நானாக இருந்தால் வெளிர் மஞ்சளோ சந்தன நிறமோ போட்டுப் பார்ப்பேன்.

ஒரு சுற்றில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நிறத்தையும் எழுத்தையும் சேர்த்து மாற்றினால் எதனால் தேறியது என்று தெரியாது. பழையதை அழிக்காமல் பிரிண்டை வரிசையாகச் சுவரில் ஒட்டி, கீழே தேதியும் காரணமும் எழுதுங்கள்: "எடை தெரியவில்லை, மேலே ஏற்றியது" என்பதுபோல. "முதல்ல போட்டதே" என்று யாராவது சொன்னால் சுவருக்குக் கூட்டிப்போய் அதை ஏன் விட்டோம் என்று காட்டலாம். சில சமயம் அவர் சொன்னதே சரியாகவும் இருக்கும், அப்போது அதை எடுத்துக்கொள்ளலாம்.

அருவி பற்றி என் அபிப்பிராயம்: எடுத்துவிடுங்கள். தருமபுரி என்றாலே அருவி போடுகிறோம், அதனால் அது எந்தச் சரக்கையும் தனியாகக் காட்டுவதில்லை. அந்த இடத்தை எழுத்துக்குக் கொடுங்கள். "புளி" இரண்டே எழுத்துதான், ஆனால் பு கீழே இறங்கும், ளி மேலே சுழிக்கும். உயரம் நிறைய கேட்கும். நெருக்கினால் சுழி அடைபட்டுப்போகும்.

எப்போது நிறுத்துவது? புதியதையும் முந்தையதையும் பக்கத்தில் வைத்து அதே கேள்விகளைக் கேளுங்கள். இரண்டிலும் ஆட்கள் ஒரே மாதிரி தடுமாறாமல் பதில் சொன்னால் இனி மாற்றுவது உங்கள் விருப்பத்துக்கு மட்டும்தான். குழுவுக்குப் பிடித்ததை எடுத்து அச்சுக்கு அனுப்பிவிடுங்கள்.

தருமபுரி_அச்சகம்:

அண்ணன் சொன்னதோடு அச்சுப் பக்கம் கொஞ்சம்.

தங்க நிறம் திரையில் மின்னும். சாதாரண நாலு கலர் அச்சில் கடுகுப் பழுப்பாகத்தான் விழும், அதுவும் காபிக்கொட்டை நிறத்தின்மேல் வைத்தால் மங்கிவிடும். தங்கம்தான் வேண்டும் என்றால் ஃபாயில், அதாவது மின்னும் மெல்லிய தகடு ஒட்டவேண்டும், செலவு கூடும்.

பார்கோடு போடுவதாக இருந்தால் கோடுகளைச் செம்பழுப்பில் போடாதீர்கள். நிறைய ஸ்கேனர்களின் ஒளி சிவப்பு. சிவப்பு கலந்த கோடு அதற்கு வெள்ளை மாதிரித் தெரியும், படிக்காது. வெள்ளைக் கட்டத்தில் கருப்புக் கோடு, அவ்வளவுதான். ஜன்னல் பக்கம் வெள்ளை அடித்தளம் இல்லாமல் வைத்தாலும் படிக்காது.

சட்டப்படி இருக்கவேண்டியவற்றை, அதாவது 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண், பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், எடை, விலை, முகவரி, புகாருக்கான தொலைபேசி எண் எல்லாவற்றையும் முதல் வரைவிலேயே உள்ளே வைத்துவிடுங்கள். கடைசியில் இடம் தேடினால் செய்த டிசைன் முழுக்கக் குலையும். பேக் செய்த தேதி, பேட்ச் எண், விலை மூன்றுக்கும் காலி வெள்ளைக் கட்டம் விட்டுவிடுங்கள், முத்திரை குத்திக்கொள்ளலாம்.

முக்கியமானது: எடுத்த எடுப்பில் அச்சிட்ட பைக்குப் போகவேண்டாம். அது பெரும்பாலும் கிராவ்யூரில், அதாவது டிசைனைச் செதுக்கிய உலோக உருளையால் அச்சிடும் முறையில் வரும், நிறத்துக்கு ஒரு சிலிண்டர். ஒரு எழுத்தை மாற்றினாலும் அது வரும் சிலிண்டரைப் புதிதாகச் செதுக்கவேண்டும். முதலில் சாதாரணப் பை, அதன்மேல் டிஜிட்டல் ஸ்டிக்கர். விற்றுப் பார்த்துத் திருத்த இடம் இருக்கும்.

ஃபைல் அனுப்பும்போது தமிழ் எழுத்தைக் கர்வாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி அனுப்புங்கள். இல்லாவிட்டால் இங்கே பழைய சாஃப்ட்வேரில் "கொ"வின் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். மாற்றாத பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

காரிமங்கலம்_மளிகை:

நான் டிசைன் தெரிந்தவன் இல்லை, கடைக்காரன். புளி பாக்கெட்டை வாங்க வருகிறவர்கள் படிப்பதற்கு முன்னால் அமுக்கிப் பார்க்கிறார்கள். கொட்டை தட்டுப்படுகிறதா, நார் இருக்கிறதா என்று விரல் தேடும். அப்புறம் ஜன்னலை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோவார்கள். அதனால் ஜன்னல் மேல் ஓரத்தில் இருந்தால் பிரயோஜனம் இல்லை, புளி கீழே இறங்கி மேலே காலியாகத்தான் தெரியும். "கொட்டை எடுத்தது" என்பதை ஜன்னலை ஒட்டியே போடுங்கள். என்னிடம் நிறைய பேர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

இன்னொன்று, புளியை நாங்கள் நிற்க வைப்பதில்லை. கூடையில் படுக்கப்போட்டு அடுக்குகிறோம். மேலே பத்து பாக்கெட் கிடந்தால் கீழே இருப்பதன் தலைப்பாகம் மட்டும் வெளியே தெரியும். பெயர் தலைப்பாகத்தில் இருக்கட்டும்.

பென்னாகரம்_டிசைன்:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. வார இறுதியில் குழு கூடும் இடத்துக்கே புளி அடைத்த பைகளோடு போனேன். பழைய புளி தலைவி அக்கா வீட்டிலிருந்து வந்தது. இரண்டையும் காபிக்கொட்டை நிற லேபிளோடு வைத்ததும் யாரும் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை, அவர்களே சந்தன நிறத்தை எடுத்துக் கையில் கொடுத்தார்கள்.

எழுத்துப் பிரச்சினையும் தீர்ந்தது. கூடையில் அடுக்கிவிட்டு அக்காவின் மகனை வாசலிலிருந்து பெயரைப் படிக்கச் சொன்னேன். சின்ன எழுத்தில் அவரால் படிக்க முடியவில்லை, "சரிக்கா, பெரிசாவே இருக்கட்டும்" என்றார். ஜன்னலைக் கீழே இறக்கியாயிற்று.

அருவி மட்டும் இன்னும் பேச்சில் இருக்கிறது. ஒரு பாட்டிக்கு அது மிகவும் ஆசை, என் ஊர் பெயர் வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறார். அவர் கேட்பதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

கிருஷ்ணகிரி_தூரிகை:

பாட்டி கேட்பது அருவிப் படத்தை இல்லை, ஊரை. முன்பக்கம் பெயருக்குக் கீழேயே ஊர்ப் பெயரை நல்ல தடித்த எழுத்தில் போட்டு, அருவி இல்லாமல் ஒரு பிரிண்ட் எடுத்துப் பாட்டியிடமே காட்டுங்கள். அப்போதும் அருவி வேண்டும் என்றால் பின்பக்கம், முகவரிக்கு மேல், ஒரே நிறத்தில் கோட்டோவியமாக வையுங்கள். அங்கே அது எதையும் மறைக்காது.

தருமபுரி_அச்சகம்:

பின்பக்க ஓவியத்தில் கோடு ரொம்ப மெலிசாக வேண்டாம், அரை பாயிண்டுக்குக் குறையாமல் வையுங்கள். நாலு பக்கமும் பின்னணி நிறத்தை வெட்டும் கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. நீட்டி அனுப்புங்கள், முதல் தொகுதியைக் குறைந்த எண்ணிக்கையில் எடுத்துக்கொள்ளலாம்.