தேய்த்த திசையில் வளைய மறுக்கும் அசோபென்சீன் படலம்: எங்கே தவறு?

கேள்வி
ஒளி பட்டால் வளையும் திரவப் படிகப் பாலிமர் படலம் செய்ய மூன்று மாதமாகப் போராடுகிறேன். மூலக்கூறுகள் ஒரே திசையில் நிற்பதற்காகப் பாலிஇமைடு பூசி, வெல்வெட் துணியால் ஒரே திசையில் தேய்த்த இரு கண்ணாடித் தகடுகள். இடைவெளி 10 மைக்ரோமீட்டர். ஒளியில் வடிவம் மாறும் அசோபென்சீன் மோனோமரையும், சங்கிலிகளை வலையாகக் கோக்கும் குறுக்குப் பிணைப்பானையும் உருக்கி உள்ளே ஏற்றி, நெமாட்டிக் நிலைக்கு (கோல் போன்ற மூலக்கூறுகள் ஒரே திசை நோக்கி நிற்கும் திரவப் படிக நிலை) குளிர்வித்து, 365 நானோமீட்டர் விளக்கில் இறுக வைத்தேன். பிரித்தெடுத்துச் சூடான தட்டில் வைத்து அதே ஒளியைக் காட்டினால், ஒரு துண்டு நீளவாக்கில் சுருள்கிறது, இன்னொன்று மூலையிலிருந்து முறுக்கிக்கொள்கிறது. தேய்த்த திசைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. மிகவும் சோர்ந்துவிட்டேன்.

பதில்
ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் இரு முனைவாக்கிகளைக் குறுக்காக வைத்து, அவற்றுக்கு நடுவே படலத்தைச் சுழற்றிப் பார்த்தீர்களா? மூலக்கூறுகள் ஒரே திசையில் அடுக்கப்பட்டிருந்தால், தேய்த்த திசை ஒரு முனைவாக்கிக்கு இணையாக வரும்போது படலம் முழுவதும் இருள வேண்டும். 45 பாகையில் பளிச்சிட வேண்டும்.

கேட்டவர்
இறுகுவதற்கு முன் அழகாக இருண்டது. இறுகிய பிறகு எந்தக் கோணத்திலும் இருளவில்லை, எங்கும் திட்டுத் திட்டாக ஒளிர்கிறது.

மற்றொருவர் பதில்
உங்கள் தேய்ப்பு நன்றாகவே இருக்கிறது நண்பரே, கெடுத்தது விளக்கு. 365 என்பது அசோபென்சீன் டிரான்ஸ் வடிவிலிருந்து சிஸ் வடிவுக்கு மாறும் ஒளி. ஏறக்குறைய 0.9 நானோமீட்டர் நீளக் கோல் 0.55க்கு மடங்கி, பக்கத்து மூலக்கூறுகளின் வரிசையையும் குலைக்கிறது. அந்தக் குலைந்த நிலையிலேயே வலைப்பின்னல் பூட்டிக்கொள்கிறது. மேற்பரப்பே ஒளியை விழுங்கிவிடுவதால் அடிப்பகுதி சரியாக இறுகியிருக்கவும் வாய்ப்பில்லை.

டைட்டனோசீன் வகை ஒளித்தொடக்கிக்கு (ஒளி பட்டதும் இறுகுதலைத் தொடங்கிவைக்கும் பொருள்) மாறுங்கள். 540 நானோமீட்டருக்குக் கீழுள்ள ஒளியை வடிகட்டியால் தடுத்து, பச்சை ஒளியில் பொறுமையாக இறுக வையுங்கள். அந்த ஒளியைச் சாதாரண அசோபென்சீன் அநேகமாக உறிஞ்சாது. கலவை தயாரிப்பதும் ஏற்றுவதும் சிவப்பு விளக்கு அறையில் நடக்கட்டும்.

பழைய படலத்தை எறிந்துவிடாதீர்கள். 2003இல் இக்கேடாவின் ஜப்பானியக் குழு, திசையொழுங்கில்லாத பல திட்டுகள் கொண்ட படலத்தைத்தான் நேர்கோட்டு முனைவாக்கம் பெற்ற 366 நானோமீட்டர் ஒளியால் வேண்டிய திசையில் வளைத்துக் காட்டியது. விளக்குக்கு முன்னால் முனைவாக்கி ஒன்றை வைத்துத் திருப்புங்கள். வளைவும் அதோடு திரும்பினால் நோய் இதுதான்.

கேட்டவர்
திரும்பியது! முனைவாக்கியைத் திருப்பத் திருப்ப வளைவும் கூடவே வந்தது. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை ஒளியில் இறுக்கிய புதிய படலம் நடுப்பகுதியில் முழுக்க இருள்கிறது, தேய்த்த திசையிலேயே விளக்கை நோக்கி வளைகிறது, 540க்கு மேற்பட்ட ஒளியில் மீண்டும் நிமிர்கிறது. கலவை நுழைந்த ஓரத்தில் மட்டும் கோடுகள் தெரிகின்றன.

பதில்
ஏற்றும்போதே குளிர்ந்து நெமாட்டிக் ஆகியிருக்கும். பாய்ந்த திசை அங்கே பதிந்துவிட்டது. கலவை முழுதும் நிரம்பும்வரை தெளிவு வெப்பநிலைக்கு (நெமாட்டிக் ஒழுங்கு மறைந்து சாதாரணத் திரவமாகும் வெப்பநிலை) மேலேயே வைத்திருந்து, பிறகு நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் குளிர்வியுங்கள்.