சர்க்கரை சேர்க்காத மாம்பழ ஐஸ் கல்லு மாதிரி இறுகுது, என்ன செய்யலாம்?

தெப்பக்குளம்_அடுப்படி:
நத்தம் மாம்பழத்தைக் கூழாக்கி டப்பாவில் ஊற்றி ராத்திரி ஃப்ரீசரில் வைத்தால், காலையில் கரண்டி இறங்கவில்லை. சுரண்டினால் வாயில் நறநறவென்று ஐஸ். வீட்டில் சுகர் உள்ளவர்களும் சாப்பிட வேண்டும். அதனால் சர்க்கரை, தேன், கருப்பட்டி எதுவும் வேண்டாம். 750 வாட்ஸ் மிக்சிதான் இருக்கிறது. மெத்தென்று வர வழி சொல்லுங்க.

மாட்டுத்தாவணி_பழம்:
கூழை உறைய வைக்காதீங்க. துண்டா உறைய வச்சு, சாப்பிடுறதுக்கு முன்னால அரைங்க. சர்க்கரை கரைஞ்சிருந்தா தண்ணி முழுசா உறையாது, ஐஸ் இளக்கமா இருக்கும். பழத்துல இருக்குற சர்க்கரை மட்டும் அதுக்குப் பத்தாது. கூழ் அசையாமக் கிடக்கக் கிடக்க ஐஸ் படிகம் பெருசாகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்.

400 கிராம் மாம்பழத்துக்கு 150 கிராம் வாழைப்பழம். சிறுமலைப் பழம் ரொம்பப் பொருத்தம், சதை கெட்டி, தண்ணி கம்மி. விலை கட்டலைன்னா கற்பூரவல்லி. மாம்பழம் நார் இல்லாததா, காம்புப் பக்கம் மணக்கிற அளவுக்குப் பழுத்ததா எடுங்க. சில்லுனு இருக்கும்போது நாக்குக்கு இனிப்பு குறைவாத்தான் தெரியும். வெட்டும்போதே சுமாரா இருக்குற பழம் உறைஞ்சதும் சப்புன்னு ஆயிரும்.

அரை இஞ்சுத் துண்டா நறுக்கி, எவர்சில்வர் தட்டுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டாமப் பரப்பி 8 மணி நேரம் வைங்க. வெளியே எடுத்து 5 நிமிஷம் கழிச்சு, 3 டேபிள்ஸ்பூன் கெட்டித் தயிர், அரை மூடி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து அரைக்கணும். முதல்ல நொய் மாதிரி உதிரும். பயந்து தண்ணி ஊத்திராதீங்க, அங்கதான் கெடும். வழிச்சு விட்டு வழிச்சு விட்டு ஓட்டினா, திடீர்னு திரண்டு பளபளன்னு சுழலும். அத்தோட நிறுத்திருங்க.

மிக்சி_சர்வீஸ்:
அண்ணன் சொன்ன அளவை மூணு தடவையாப் பிரிச்சுப் போடுங்க. ஜாரை முன்னாடியே அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சிருங்க. விப்பர்ல (குமிழைத் திருப்பிப் பிடிச்சிருக்குற வரைக்கும் மட்டும் ஓடுற இடம்) 5 செகண்ட், நிறுத்தி வழிச்சு, மறுபடி 5 செகண்ட். ஒரே மூச்சா ஓட்டினா பிளேடு சூட்டுல பழம் உருகும், மோட்டாரும் திணறும். நின்னுருச்சுன்னா பிளக்கைப் பிடுங்கி, ஆறினதும் அடியில இருக்குற சிவப்பு பட்டனை அமுக்குங்க.

தெப்பக்குளம்_அடுப்படி:
நன்றிங்கண்ணே. மிச்சத்தை மறுபடி ஃப்ரீசரில் வைக்கலாமா? நுங்கு, பாதாம் பிசின் சேர்க்கலாமா?

மாட்டுத்தாவணி_பழம்:
மிச்சம் மறுபடி கல்லாகும். 15 நிமிஷம் வெளிய வச்சு, திரும்ப ஒரு சுத்து அரைக்கணும். கரண்ட் போயி உருகி உறைஞ்ச துண்டுன்னா நறநறப்பு போகாது, ஜூஸா அடிச்சுருங்க. நுங்கும் பிசினும் பெரும்பாலும் தண்ணிதான், உறைய வைக்காம மேலாகப் போடுங்க.

அளவுச்_சாப்பாடு:
சர்க்கரை சேர்க்கலைன்னா சர்க்கரையே இல்லைன்னு நினைச்சுராதீங்க அக்கா. 100 கிராம் மாம்பழத்துலயே சுமார் 14 கிராம் சர்க்கரை இருக்கு, வாழைப்பழம் வேற சேருது. சுகர் உள்ளவங்களுக்குச் சின்னக் கிண்ணம், அதுவும் சோறு சாப்பிட்ட கையோட கொடுக்காதீங்க. அவங்களுக்குத் தனியா ஆயக்குடி கொய்யாவுல செய்யலாம்: 100 கிராமுக்கு 9 கிராம்தான், நார்ச்சத்தும் கூட. விதை நீக்கின கூழை ஐஸ் டிரேயில ஊத்தி உறைய வச்சு, இதே பக்குவத்துல அரைங்க. கொய்யாவுல பெக்டின் (கூழைக் கெட்டியாக்குற நார்ச்சத்து) நிறைய, வாழைப்பழம் இல்லாமலே வழவழன்னு வரும்.