காரைக்கால் வீடு: தாத்தாவின் சைகோன் படம்

கமலா அத்தை: (படம்) பரணில் இருந்த தகரப் பெட்டியில் கிடைத்தது. நம் தாத்தா. பின்பக்கம் ‘சைகோன் 1931’ என்று எழுதியிருக்கிறது. வியட்நாமில் இருக்கும் ஊர். ஓரத்தைக் கரையான் அரித்துவிட்டது, முகம் தப்பித்தது.

நித்யா: தொப்பி, பித்தளைப் பொத்தான் எல்லாம் இருக்கிறதே! கொள்ளுத்தாத்தா போலீசா அத்தை?

பெரியப்பா: சுங்க இலாகாம்மா. வியட்நாமும் நம் ஊரும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோது நம் ஊர்க்காரர்கள் பலர் அங்கே சுங்கம், போலீஸ், வரி வசூல் என்று வேலைக்குப் போனார்கள்.

நித்யா: அமெரிக்கா ஏன் வியட்நாமுக்குப் போனது என்று கல்லூரியில் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். அமெரிக்கப் படை அங்கே இறங்கிய 1965-ல் தொடங்கலாம் என்றிருக்கிறேன்.

பெரியப்பா: பாதிக் கதை போய்விடும். உப்பில் தொடங்கு.

நித்யா: உப்பா?

பெரியப்பா: 1897-ல் போல் துமேர் என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே கவர்னர் ஜெனரலாக வந்தார். உப்பு, சாராயம், அபின் மூன்றையும் இந்தோசீனா முழுக்க, அதாவது வியட்நாம், லாவோஸ், கம்போடியா முழுக்க, அரசாங்கத்தின் பிடிக்குள் கொண்டுவந்தார். உப்பளத்துக்காரன் தான் விளைத்த உப்பை அரசாங்கத்துக்கே விற்க வேண்டும். வீட்டுக்கு வேண்டுமென்றால் அதையே கூடுதல் விலைக்கு வாங்க வேண்டும். மீனை உப்பில் ஊறவைத்து வடித்த சாறு இல்லாமல் அங்கே சோறு இறங்காது. அதில் போய்க் கை வைத்தார்கள். வீட்டில் அரிசிச் சாராயம் காய்ச்சினாலும் சோதனை, அபராதம், சிறை. சோதனைக்குப் போனது சுங்க இலாகா.

கமலா அத்தை: தாத்தாவும் போயிருப்பாரா அண்ணா?

பெரியப்பா: போயிருப்பார். அவர் அனுப்பிய பணத்தில்தான் நம் வீடே எழும்பியது. எனக்கு அது உறுத்துகிறது.

செல்வம் சித்தப்பா: பிழைக்கப் போனவர் அண்ணா. சட்டம் போட்டது அவரா?

பெரியப்பா: சரிதான் செல்வம். ஆனால் கதவைத் திறந்த அந்த வீட்டுக்காரி கண்ணில் பட்டது துமேர் இல்லையே, நம் தாத்தாதானே.

நித்யா: அமெரிக்கா எப்போது வருகிறது பெரியப்பா?

பெரியப்பா: 1945-ல். வடக்கே பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்திருந்தார்கள். வியட்நாமைப் பிடித்திருந்த ஜப்பானை எதிர்க்க அமெரிக்க உளவுக் குழு ஒன்று காட்டுக்குள் இறங்கி, விடுதலைக்குப் போராடிய கம்யூனிஸ்ட் தலைவர் ஹோ சி மின் ஆட்களுக்குப் பயிற்சி தந்தது. காய்ச்சலில் கிடந்த ஹோவுக்கு மருந்து கொடுத்ததும் அவர்கள்தான். செப்டம்பர் 2 அன்று ஹனோயில் விடுதலையை அறிவித்தபோது அமெரிக்காவின் 1776 விடுதலைப் பிரகடன வரியைச் சொல்லித்தான் ஆரம்பித்தார். அப்புறம் அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்குக் கடிதம் மேல் கடிதம். பதிலே வரவில்லை. அதைப் படிக்கும்போதெல்லாம் மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

செல்வம் சித்தப்பா: ஏன் பதில் போடவில்லை?

பெரியப்பா: ஐரோப்பாவில் சோவியத்தை எதிர்க்கப் பிரான்ஸ் தேவைப்பட்டது. பிரான்ஸோ வியட்நாமைத் திரும்பப் பிடிக்க ஹோவின் ஆட்களோடு போரிட்டது. 1949-ல் சீனாவும் கம்யூனிஸ்ட்டுகள் கைக்குப் போனதும் பயம் கூடியது. 1950-ல் பிரான்ஸ் ஆதரவில் இருந்த பாவோ தாய் அரசை அங்கீகரித்துப் பணமும் ஆயுதமும் அனுப்பினார்கள். 1954 மே மாதம் தியன் பியன் பூ சண்டையில் பிரான்ஸ் தோற்கும்போது போர்ச் செலவில் பெரும்பங்கு அமெரிக்காவுடையது.

செல்வம் சித்தப்பா: அதே வருஷம் நவம்பரில்தான் நம் ஊரும் பிரெஞ்சுக்காரர்கள் கையைவிட்டுப் போனது.

பெரியப்பா: ஆமாம். அங்கே நாட்டை வடக்கு, தெற்கு என்று பிரித்துப் போரை நிறுத்திய ஜெனீவா ஒப்பந்தப்படி, திரும்ப இணைக்க 1956-ல் தேர்தல் நடந்திருக்க வேண்டும். தெற்கை ஆண்ட தியெம் மறுத்தார், அமெரிக்கா அவர் பக்கம் நின்றது.

நித்யா: உப்பிலேயே தொடங்குகிறேன். இந்தப் படத்தைக் கட்டுரையில் வைக்கலாமா அத்தை?

கமலா அத்தை: வை. பெயருக்குக் கீழே சுங்க இலாகா என்பதையும் எழுது.