ஹாட்பிளக் மெமரி முழுவதையும் மூவபிள் ஸோனில் போடலாமா?

சர்வர்காவலன்:
4 ஜிபியில் பூட் ஆகும் லினக்ஸ் விஎம் (ஹோஸ்ட் என்கிற பெரிய கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி). லோடு ஏறும்போது, அணைக்காமலேயே 60 ஜிபி வரை கூட்டி, வேலை முடிந்ததும் திரும்ப எடுக்க வேண்டும், இதுதான் ஹாட்பிளக். கூட்டுகிற எல்லா பிளாக்கையும் மூவபிளாகவே, அதாவது இடம் மாற்றக்கூடியதை மட்டும் வைக்கும் ஸோனிலேயே, ஆன்லைன் செய்யுங்கள் (பயன்பாட்டுக்கு விடுங்கள்) என்பதுதான் என் கட்சி. லினக்ஸின் மையமான கர்னல் தனக்கென்று எடுக்கும் ஸ்லாப் (அதன் சின்னச் சின்னத் தரவுகள்), பேஜ் டேபிள் (பேஜ் என்கிற மெமரித் துண்டு ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை), கர்னல் ஸ்டேக் எதையும் இடம் மாற்ற முடியாது. சாதாரண ஸோனில் விட்டால், 128 எம்பி பிளாக் ஒன்றில் ஏதோ ஒரு ப்ராசஸின் கர்னல் ஸ்டேக் வந்து உட்கார்ந்தாலே போதும், அந்த பிளாக் ஆஃப்லைன் ஆகாது. எடுக்கவே முடியாது என்றால் எதற்கு ஹாட்பிளக்?

பேஜ்டேபிள்:
மூவபிள் 60-க்கு மற்றது 4 என்கிற விகிதமே தப்பு. ஒவ்வொரு 4 கேபி பேஜுக்கும் கர்னல் 64 பைட் கணக்கு வைக்கிறது, ஆக 128 எம்பிக்கு 2 எம்பி. 60 ஜிபியைச் சேர்த்ததுமே 960 எம்பி அந்த 4 ஜிபியிலிருந்து போய்விடும், இன்னும் ஒரு அப்ளிகேஷன்கூட ஓட ஆரம்பிக்கவில்லை.

அப்புறம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். எல்லா கனெக்‌ஷனும் பகிரும் ஷேர்டு பஃபர் 16 ஜிபி, ஹியூஜ் பேஜ் (4 கேபிக்குப் பதில் பெரிய பேஜ்) இல்லை. ஒரு கனெக்‌ஷன் அதை முழுவதும் தொட்டால் அதன் பேஜ் டேபிள் மட்டும் 32 எம்பி. 200 கனெக்‌ஷன் என்றால் 6 ஜிபிக்கு மேல். இது எதுவும் மூவபிள் ஸோனுக்குள் போகாது. ஃப்ரீ கமாண்டில் 30 ஜிபி காலி என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே ஓஓஎம் கில்லர் (மெமரி தீர்ந்தால் ப்ராசஸைக் கொல்லும் கர்னல் பகுதி) வந்து டேட்டாபேஸைக் கொன்றுவிடும், லாகைப் பார்ப்பவருக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. கர்னலின் ஆவணமே 3-க்கு 1, மிஞ்சினால் 4-க்கு 1 என்றுதான் சொல்கிறது. உங்களுடையது 15-க்கு 1.

சர்வர்காவலன்:
அந்த 960 எம்பிக்கு வழி இருக்கிறது. மெம்மேப்-ஆன்-மெமரியை இயக்கினால் அந்தக் கணக்கு புதிதாக வரும் பிளாக்கிலேயே உட்காரும், கர்னல் 5.13-லிருந்தே உண்டு. போஸ்ட்கிரெஸுக்கு 2 எம்பி ஹியூஜ் பேஜ் போட்டால் பேஜ் டேபிள் செலவு ஒன்றுமே இல்லாமல் போகும், அந்த ஹியூஜ் பேஜ்களும் மூவபிள் ஸோனிலேயே இருக்கலாம். பிரச்சினை விகிதத்தில் இல்லை, ட்யூனிங்கில்.

பேஜ்டேபிள்:
இருக்கலாம், ஆனால் ஆஃப்லைன் செய்யும்போது அந்த 2 எம்பி பேஜைக் கொண்டுபோய் வைக்க வேறொரு காலி ஹியூஜ் பேஜ் வேண்டும். கிடைக்காவிட்டால் நீங்கள் சொன்ன உறுதி அங்கேயே போச்சு. ஆர்டிஎம்ஏ (நெட்வொர்க் கார்டு நேராக மெமரியைத் தொடுவது) மாதிரி நீண்டகாலத்துக்குப் பேஜைப் பின் செய்யும், அதாவது நகராமல் பூட்டும் வேலை இருந்தால் இன்னும் மோசம். பின் செய்வதற்கு முன்னால் கர்னல் அந்தப் பேஜை மூவபிள் ஸோனைவிட்டு வெளியே நகர்த்தும். எங்கே? அதே 4 ஜிபிக்குள். இடம் இல்லையென்றால் பின் செய்வதே தோற்கும்.

விர்ட்டியோபக்கம்:
ரெண்டு பேரும் மெமரிப் பலகையை முழுதாகச் செருகி எடுக்கும் பழைய டிம் மாடலை வைத்தே சண்டை போடுகிறீர்கள். விஎம் என்றால் விர்ட்டியோ-மெம் (விஎம்முக்கென்றே உள்ள மெமரி கூட்டிக் குறைக்கும் முறை) பாருங்கள், 2020-இல் 5.8-லேயே வந்துவிட்டது. அதற்கு முழு பிளாக்கும் காலியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சாதாரண ஸோனில் இருக்கும் பிளாக்கிலும் காலியான சின்னத் துண்டுகளை மட்டும் பிரித்து ஹோஸ்டுக்குத் திருப்பித் தரும். எதை எந்த ஸோனில் போடுவது என்பதை கர்னலின் ஆட்டோ-மூவபிள் பாலிசியிடம் விட்டுவிடலாம், அதன் இயல்பு விகிதம் 301 சதவீதம், அதாவது கர்னல் மெமரியைப்போல் மூன்று மடங்கு.

சர்வர்காவலன்:
துண்டு துண்டாகக் கிடைப்பது நல்லதுதான், ஆனால் எவ்வளவு திரும்ப வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதே. எனக்கு வேண்டியது அந்த எண். ஹோஸ்டில் அடுத்த விஎம்முக்கு அதை நம்பித்தான் ஒதுக்குகிறேன்.

பேஜ்டேபிள்:
அந்த எண் வேண்டுமென்றால் 16 ஜிபியில் பூட் செய்து 48-ஐ மட்டும் மூவபிளாகக் கூட்டுங்கள். விகிதம் 3-க்கு 1-இல் நிற்கும், திரும்ப வருவது அநேகமாக அந்த 48. ஆஃப்லைன் கட்டளைக்கு ஒரு டைம்அவுட்டும் வையுங்கள். நகர மறுக்கும் பேஜ் ஒன்று மாட்டினால் சிக்னல் வரும்வரை கர்னல் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும், உங்கள் ஸ்கிரிப்டும் அதோடு தொங்கும்.

சர்வர்காவலன்:
பூட் மெமரியை 16 ஆக்கினால் விஎம் சும்மா இருக்கும்போதும் ஹோஸ்டில் 12 ஜிபி கூடுதலாக முடங்கும். நாற்பது விஎம் இருக்கிற ஹோஸ்டில் அது 480 ஜிபி. அதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 8-ல் பூட் செய்து, ஹியூஜ் பேஜோடு 32 கூட்டி, மெம்மேப்பையும் பிளாக்கிலேயே வைத்து ஓட்டிப் பார்க்கிறேன்.

பேஜ்டேபிள்:
4-க்கு 1. சரி, அதற்கு நான் சண்டைக்கு வரமாட்டேன். கர்னல் தரும் ஸோன்இன்ஃபோ பட்டியலில் நார்மல் (சாதாரண) ஸோனின் காலி பேஜ் எண்ணிக்கைக்குத் தனியாக அலர்ட் வையுங்கள், மொத்த ஃப்ரீ மெமரிக்கு வைப்பதில் பிரயோஜனம் இல்லை.