தேனீக் குடலில் வாழ்பவற்றுக்கு என்ன பெயர்?

மொழிபெயர்ப்பாளர்:
அன்புடையீர், வணக்கம். தேனீ வளர்ப்போர் கையேட்டின் நோயியல் பகுதி வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. அழுகல் நோயை உண்டாக்குவதை 'நோய்க்கிருமி' என்று எழுதிவிட்டேன். தேனீயின் குடலிலேயே குடியிருந்து அதற்கு உதவுபவற்றுக்குத்தான் சொல் வேண்டும். மூலத்தில் 'புரோபயாட்டிக்' என்றிருக்கிறது.

இலக்கண ஆசிரியர்:
நன்மை + நூல் நன்னூல் ஆவதுபோல், நன்மை + நுண்ணுயிரி 'நன்னுண்ணுயிரி' ஆகும். விதி தெளிவாக இருக்கையில் தயக்கம் ஏன்? 'கிருமி' வடசொல், 'நோயுயிரி' என்று மாற்றுங்கள். தேனடைக்கும் 'இறால்' என்ற பழஞ்சொல் உண்டே!

தேனீ வளர்ப்புப் பயிற்றுநர்:
ஐயா, இறால் என்றால் வகுப்பே கடலுக்குப் போய்விடும். அடை போதும். நன்னுண்ணுயிரியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கு புரளாது. கிருமியை விட்டுவிடாதீர்கள். அழுகல் நோயில், அடையின் மூடிய அறைக்குள் புழு அழுகி, குச்சியால் தொட்டால் நூலாக இழுபடுகிறது. அந்தக் கிருமியின் வித்துகள் பல பத்தாண்டுகள் அழியாமல் கிடக்கும். கேட்டதும் எச்சரிக்கை வரும் சொல்தான் அங்கே வேண்டும்.

ஆய்வு மாணவி:
புரோபயாட்டிக் வெளியிலிருந்து ஊட்டுவது, இவை அப்படியல்ல. கூட்டுப்புழுப் பருவம் முடிந்து வெளிவரும் தேனீயின் குடலில் பாக்டீரியா அநேகமாக இருப்பதில்லை. முதல் சில நாள்களில் மற்றத் தேனீக்களிடமிருந்தும் அடையிலிருந்தும் வந்து சேர்கின்றன. 2013இல் பெயரிடப்பட்ட இரண்டில், ஸ்னோட்கிராசெல்லா குடற்சுவரை ஒட்டிப் படர்கிறது. கில்லியமெல்லா அதன்மேல் அமர்ந்து மகரந்தத்தின் பெக்டினைச் சிதைக்கிறது.

எனக்கு உறுத்துவது 'நன்' என்ற அடைமொழி. செராஷியா மார்செசென்ஸ் என்ற பாக்டீரியா நலமான தேனீயின் குடலிலும் சிறிதளவு இருக்கும். அழுகல் நோய்க்கென்று கொடுக்கும் டெட்ராசைக்கிளின் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்து மற்றவற்றைக் குறைத்துவிட்டால், அதே செராஷியா தேனீயைக் கொல்லக்கூடும். அதை எந்தப் பெயருக்குள் அடைப்பது? 'குடல்வாழ் நுண்ணுயிரி' என்று இருப்பிடத்தை மட்டும் சொல்லலாமே, ஐயா.

இலக்கண ஆசிரியர்:
'வாழ் நுண்ணுயிரி' வினைத்தொகை. வாழ்ந்த, வாழ்கிற, வாழும் எல்லாம் அடக்கம். இனிமேல்தான் குடியேற்றம் என்றிருக்கும் இளந்தேனீக்கும் பொருந்துகிறது, மகிழ்ச்சி. தொல்காப்பியர் தும்பியை நான்கறிவு உயிரில் வைத்தார். அதன் குடலில் வாழ்வதை எத்தனை அறிவில் வைப்பது என்று தனி மடலில் பேசுவோம். ஆனால், அம்மா, நோசிமா என்ற நோயுயிரியும் நடுக்குடல் செல்களுக்குள்தானே வாழ்கிறது? அந்த நோயும் குடல்வாழ் நுண்ணுயிரிதானா?

ஆய்வு மாணவி:
நியாயமான கேள்வி, ஐயா. 'குடல் துணையுயிரி' என்றால் நோசிமா விலகும். செராஷியா மறுபடி தொங்கலில் நிற்கும்.

பயிற்றுநர்:
துணையுயிரி என்றால் ராணித் தேனீயின் இணை என்று படிப்பார்கள். என் வாக்கு குடல்வாழுக்கு.

மொழிபெயர்ப்பாளர்:
நன்றி. முதலில் வருமிடத்தில் 'தேனீக்கு உதவும் குடல்வாழ் நுண்ணுயிரிகள்', பிறகு சுருக்கமாகக் குடல்வாழ் நுண்ணுயிரிகள். செராஷியாவுக்குத் தனிப் பத்தி எழுதுகிறேன். கிருமி இருக்கட்டும்.

இலக்கண ஆசிரியர்:
கிருமிக்கு என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். நோசிமாவுக்கு இன்னும் விடை வரவில்லை.