ஆசையை விடு என்கிறார்கள், சோதனையையும் பாஸ் பண்ணு என்கிறார்கள்

உப்புவெளிக்காரி:

வணக்கம். திருகோணமலையில் அரச அலுவலகம் ஒன்றில் இலிகிதராக இருக்கிறேன். இரண்டாம் மொழிச் சிங்களச் சோதனை பாஸ் பண்ண வேண்டும். இரண்டு தரம் எடுத்தேன். இரண்டு தரமும் எழுத்தில் சித்தி, வாய்மொழியில் கோட்டை விட்டேன். கேள்வி நன்றாக விளங்குகிறது, பதில்தான் தொண்டையோடு நின்றுவிடுகிறது.

இந்த வருடம் விடுவதில்லை என்று, 'டிசம்பருக்குள் பாஸ்' எனச் சிவப்பு மையில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். நாளுக்கு 50 சொல் பாடமாக்குவது திட்டம். மூன்று கிழமை ஓடியது. அப்புறம் ஒரு நாள் தவறியது, அடுத்த நாள் 100 படிக்க வேண்டியதாயிற்று, அதுவும் தவறியது. இப்போது தண்ணீர்ப் போத்தல் எடுக்கப் போனாலே அந்தத் தாள் என்னை முறைக்கிறது.

பௌத்தர்களின் வெசாக் பண்டிகை அன்று அலுவலகச் சிநேகிதி தன்சலுக்கு, அதுதான் இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் பந்தலுக்கு, கூட்டிப்போனாள். வரிசையில் நிற்கும்போது இதைச் சொல்லி அழாக்குறை. அவள் சாதாரணமாக, "ஆசைதானே துக்கத்துக்குக் காரணம், விடேன்" என்றாள். விட்டால் சம்பள உயர்வை யார் தருவது? நான் கோணேசர் கோவிலுக்குப் போகிற ஆள், பௌத்தம் பெரிதாகத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: புத்தர் சொன்னபடி பார்த்தால் இலக்கு வைப்பதே பிழையா?

கடற்காற்று:

சோதனைக்குப் புத்தர் எதற்கு? பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் அடித்துவிட்டுப் போய் எழுதுங்கள்.

ஓடாவி:

தங்கச்சி, நான் தச்சு வேலை செய்கிறவன். அப்பாவும் ஓடாவிதான். முன்பொருமுறை விகாரை ஒன்றில் கூரை மாற்றும் வேலை, இரண்டு மாதம் போனது. அங்கே இருந்த ஹாமுதுரு (பிக்கு) வயதானவர், தமிழ் நன்றாகக் கதைப்பார். பின்னேரத் தேத்தண்ணி நேரத்தில் மரம் செதுக்குகிற என் வாய்ச்சியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது புத்தர் சொன்ன கதையில் வருகிற சாமான்" என்றார்.

அது அப்பாவின் வாய்ச்சி. விண்ணாங்கு மரப் பிடி. பெருவிரல் படுகிற இடத்தில் ஒரு பள்ளம், மற்றப் பக்கம் விரல்களுக்கு நாலு தடம். அப்பாவுக்குச் சின்னக் கை. அதனால் என் விரல் இன்றைக்கும் அந்தப் பள்ளத்தில் சரியாக உட்காராது, கொஞ்சம் தள்ளித்தான் பிடிப்பேன்.

கதை புத்தர் பேச்சுகளின் தொகுப்பான சங்யுத்த நிகாயத்தில் இருக்கிறதாம். தச்சன் தன் வாய்ச்சிப் பிடியில் விரல் அடையாளத்தைப் பார்க்கிறான். இன்றைக்கு இவ்வளவு தேய்ந்தது, நேற்று இவ்வளவு என்று அவனுக்குத் தெரியாது. தேய்ந்த பிறகு தேய்ந்தது என்று மட்டும் தெரியும். மனதின் கறை தேய்வதும் அப்படித்தான் என்கிறார் புத்தர். அதே இடத்தில் கோழிக் கதையும் வருகிறது. எட்டோ பத்தோ பன்னிரண்டோ முட்டை. கோழி ஒழுங்காக அடை கிடக்காமல், குஞ்சு பொரிக்க வேண்டும் பொரிக்க வேண்டும் என்று நினைத்தால் மட்டும் பொரிக்காது. ஒழுங்காகக் கிடந்தால், அது நினைக்காவிட்டாலும் பொரிக்கும்.

நீங்கள் அடை கிடப்பதை விட்டுவிட்டு ஒவ்வொரு நாளும் முட்டையைத் தட்டித் தட்டிப் பார்க்கிறீர்கள் போலிருக்கிறது. நான் தொழில் பழகும்போது பலகை பிழைத்தால் அப்பா ஏசமாட்டார், "இன்னொன்று எடு" என்பார். அவ்வளவுதான்.

பழைய வாத்தி:

கடற்காற்றுத் தம்பிக்கு முதலில்: பெரியகுளத்துக்குப் பக்கத்தில் வெல்கம் விகாரை இருக்கிறதே, போயிருக்கிறீரா? சோழர் காலத்தில் அதற்கு ராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். தானம் கொடுத்தவர்கள் தமிழில் கல்வெட்டு வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆகவே புத்தர் நமக்கு அந்நியர் இல்லை. தேங்காயும் அடிக்கலாம், தடையில்லை.

பிள்ளை, உம்முடைய கேள்வியை அந்தக் காலத்திலேயே ஒருவர் கேட்டுவிட்டார். கோசாம்பி நகரத்தில் உன்னாபர் என்ற பிராமணர் புத்தரின் சீடர் ஆனந்தரை மடக்கினார்: ஆசையை விடுவதற்கும் ஆசைதானே வேண்டும், அப்படியானால் இதற்கு முடிவே வராதே? ஆனந்தர் திருப்பிக் கேட்டார்: இந்தத் தோட்டத்துக்கு வர வேண்டும் என்று உமக்கு விருப்பம் இருந்ததா? இருந்தது. வந்து சேர்ந்த பிறகு? அடங்கிவிட்டது. அவ்வளவுதான் என்றார். பாளியில் இந்த விருப்பத்துக்குச் 'சந்த' என்று பெயர். துக்கத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுவது 'தண்ஹா', வேட்கை. தமிழில் இரண்டையும் 'ஆசை' என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறோம், அங்கேதான் குழப்பம்.

ஓடாவி அண்ணை சொன்னது சரி. ஆனால் கோழி முட்டையின் மேல்தான் கிடக்க வேண்டும். கூழாங்கல்லில் கிடந்தால்? மாட்டின் கொம்பைத் திருகினால் பால் வராது, வேண்டிக்கொண்டு திருகினாலும் வராது, வேண்டாமல் திருகினாலும் வராது என்று இன்னொரு தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தில் ஓர் உவமை உண்டு. மடியில் கறக்க வேண்டும். நீர் இரண்டு தரமும் தவறியது வாய்மொழியில். பாடமாக்குவதோ எழுத்துச் சொல்! வாய் திறக்காமல் 50 அல்ல, 500 சொல் படித்தாலும் அது கொம்புதான்.

உப்புவெளிக்காரி:

சேர், கொம்பு விஷயம் நெஞ்சில் குத்திவிட்டது. அண்ணை, உங்கள் அப்பா மாதிரி ஒருவர் எனக்குக் கிடைத்திருந்தால்!

தாளைக் கிழிக்கவில்லை, திருப்பி ஒட்டியிருக்கிறேன். 50 சொல்லை விட்டாயிற்று. எங்கள் ஒழுங்கைக்குத் தம்புள்ளையிலிருந்து மரக்கறி லொறி வரும், அந்த ஐயாவோடு மட்டும் சிங்களத்தில் கதைப்பது என்று பிடித்திருக்கிறேன். முதல் நாள் 'கீயத' என்று விலை கேட்டதோடு சரி. நேற்று துணிந்து, முந்தின நாள் வாங்கிய தக்காளி அழுகல் என்று முறையிட்டேன். 'ஈயே' என்பதற்குப் பதில் 'ஹெட்ட' வந்துவிட்டது. நாளைக்கு வாங்கிய தக்காளி இன்றைக்கே அழுகிவிட்டதா என்று அந்த ஐயா லொறியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்து வீட்டு அக்காவும் சிரித்தா. நானும்தான். கால் கிலோ கத்தரிக்காய் சும்மா தந்தார்.